இறைச்சிக்கு ஏங்கியவர்களின் உணவு

1948ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் சீர்குலைந்து போயிருந்த கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. தீவு மக்களின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்த என்ன செய்யலாம் என்று கண்டறிவதே நோக்கம். லெலண்ட் ஆல்பா என்பவர் தலைமையிலான அந்தக் குழு, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று குடும்பம் குடும்பமாக விசாரித்தது. ரொட்டி, பயறு வகைகள், காட்டில் பறித்த கீரை, பழம், ஆலிவ், கொஞ்சம் ஆட்டுப்பால். எல்லாவற்றின் மீதும் தாராளமாக ஆலிவ் எண்ணெய். இந்தச் சாப்பாடு திருப்தியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, ஆறில் ஒரு குடும்பம்தான் ஆம் என்றது. எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது இறைச்சி.

'மத்தியதரைக்கடல் உணவுமுறை' என்று இன்று உலகம் கொண்டாடுவதும், யுனெஸ்கோ 2010ல் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததும் ஏறக்குறைய இதே உணவைத்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துத் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவி. என்ன படிக்கிறேன் என்று தெரிந்தவுடன் உறவினர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று நிச்சயம் ஆலிவ் எண்ணெய் பற்றியதாக இருக்கும். வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கச் சொல்லும் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். 'நல்லதா, இல்லையா' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலுக்கு அறிவியல் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது.

ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் வல்லுநர் 1958ல் தொடங்கியது 'ஏழு நாடுகள் ஆய்வு'. அமெரிக்கா, ஃபின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயதுக்குட்பட்ட 12,763 ஆண்கள் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். இதயநோயால் மிக அதிகமானோர் இறந்த பகுதிகளில் முன்னணியில் இருந்தது ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதி. மிகக் குறைவு கிரீட்டில். வேடிக்கை என்னவென்றால், இரு இடத்து மக்களும் சாப்பிட்ட கொழுப்பின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். உணவிலிருந்து கிடைத்த கலோரியில் ஏறக்குறைய 40 விழுக்காடு கொழுப்பு. ஃபின்லாந்துக்காரர்களுக்கு அது வெண்ணெயிலும் பாலிலும் இருந்து வந்தது. கிரீட் மக்களுக்கு ஆலிவ் எண்ணெயிலிருந்து. அதாவது, எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்பது முக்கியமாகத் தெரிந்தது.

இந்த ஆய்வில் ஓட்டைகளும் உண்டு. நாடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை. பெண் ஒருவர்கூட இல்லை. கிரீட்டில் எடுத்த உணவுக் கணக்கெடுப்புகளில் ஒன்று கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் நடந்தது. பலர் இறைச்சியையும் பாலையும் ஒதுக்கும் காலம் அது. அதோடு, அந்த விவசாயிகள் நாள் முழுவதும் மலைச்சரிவில் நடந்து உழைத்தவர்கள். அவர்களின் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மண்வெட்டியை விட்டுவிட்டால் கணக்கு சரிவராது.

சென்ற நவம்பரில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் கிரேக்கத்தில் இருந்தபோது, கிரீட்டில் ஒரு கிராமத்து ஆலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அறுவடை நேரம். நான் செக்கை எதிர்பார்த்துப் போயிருந்தேன். உள்ளே எல்லாம் பளபளக்கும் எஃகு. காய்களைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்தக் கூழை மெதுவாகப் பிசைந்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். வெப்பம் 27 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. கடைசியில் குழாயிலிருந்து விழுவது பச்சைப் பசேலென்ற கலங்கிய எண்ணெய், அறுத்த புல்லின் வாசனையோடு. ஒரு ரொட்டித் துண்டை அதில் நனைத்துக் கொடுத்தார்கள். விழுங்கிய சில நொடிகளில் தொண்டை எரிந்து இருமல் வந்துவிட்டது. ஆலைக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. இருமல் வந்தால் எண்ணெய் நல்ல எண்ணெய் என்று அர்த்தமாம்.

அந்த எரிச்சலுக்கு ஒரு கதை உண்டு. கேரி போஷாம்ப் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியின் சுவையை ஆராய்ந்து வந்தவர். 1999ல் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு ஒரு மாநாட்டுக்குச் சென்றபோது புதிய ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தார். தொண்டையில் அதே எரிச்சல்! அதைத் தொடர்ந்து ஆராய்ந்ததில் 'ஓலியோகாந்தால்' என்ற பொருள் அடையாளம் காணப்பட்டது. ஐபுப்ரோஃபென் முடக்கும் அதே அழற்சி நொதிகளை அதுவும் முடக்குகிறது என்று அவரது குழு 2005ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. உடனே மருந்துக் கடையை மூடிவிட வேண்டாம். 50 கிராம் எண்ணெயில் இருப்பது, வலிக்காகப் பெரியவர்கள் எடுக்கும் மருந்தளவில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இந்தப் பொருள்கள் தங்கியிருப்பது 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' வகையில். ரசாயனம் சேர்க்காமல் இயந்திரத்தால் மட்டும் பிரித்து எடுக்கப்படும் அதில், கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. போத்தலில் 'லைட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெய். நிறமும் மணமும்தான் அதில் குறைவு, கலோரி குறைவில்லை. எந்த வகையானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது. காணொளிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி, மாணவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கும் ஆய்வு. பெயர் 'பிரெடிமெட்'. ஸ்பெயினில் இதயநோய் வரும் அபாயம் அதிகமுள்ள 7,447 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மத்தியதரைக்கடல் உணவோடு, குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் பெற்றது ஒரு குழு. அதே உணவோடு, தினமும் 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல்நட் பெற்றது இன்னொன்று. மூன்றாம் குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி ஆலோசனை மட்டும். சுமார் ஐந்தாண்டுக்குப் பிறகு, முதல் இரு குழுக்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்த்துச் சுமார் 30 விழுக்காடு குறைவு என்று 2013ல் அறிவித்தார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தி.

2017ல் பிரிட்டிஷ் மயக்க மருந்து நிபுணர் ஜான் கார்லைல், ஆயிரக்கணக்கான ஆய்வுகளின் எண்களைச் சலித்துப் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஸ்பெயின் குழு தன் பதிவுகளைத் தோண்டியபோது, ஓர் இடத்தில் ஆளுக்கு ஆள் குலுக்கல் போடாமல், மருந்தகத்துக்கு வரும் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்திருந்தது தெரிந்தது. சில வீடுகளில் கணவரை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு, மனைவியையும் குலுக்கலின்றி அதிலேயே போட்டிருந்தார்கள். 2018ல் கட்டுரையை மீட்டுக்கொண்டு, மறுபடி கணக்கிட்டு, அதே நாளில் புதிதாக வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதைச் சொன்ன தொனி அடக்கமாகிவிட்டது.

அந்த 30 விழுக்காட்டையும் பிரித்துப் பாருங்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேர்ந்தவர்கள் ஆலோசனைக் குழுவில் நூற்றுக்கு 4.4 பேர். எண்ணெய்க் குழுவில் 3.8. கொட்டைக் குழுவில் 3.4. வயது, நோய், கண்காணித்த காலம் எல்லாவற்றையும் சரிக்கட்டிக் கணக்கிட்ட பிறகே 30 வருகிறது. இரண்டு எண்களும் உண்மைதான். விளம்பரத்தில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று: வாரம் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்காத கொட்டைக் குழுவும் எண்ணெய்க் குழுவுக்குச் சளைக்கவில்லை. எனவே பலனைப் போத்தலுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. கீரை, பயறு, பழம், மீன் என்று அந்தத் தட்டு முழுவதும்தான் ஆய்வு செய்யப்பட்டது.

அந்தத் தட்டு பிறந்த இடத்திலேயே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், சைப்ரஸ் போன்ற நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு சிறுவன் உடல் பருமன் கொண்டவன் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் தெரிவித்தது. 1948ல் கேட்ட இறைச்சி அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது, இனிப்புப் பானங்களோடு. ஆலைக்காரரின் வயதான தாயாரிடம் காட்டுக் கீரை பற்றிக் கேட்டேன். சிறுவயதில் வேறு வழியில்லாமல் பறித்ததாகவும், இப்போது நகரத்து உணவகங்களில் அதற்கு விலை வைத்து விற்பதைக் கண்டால் சிரிப்பு வருவதாகவும் சொன்னார்.

ஸ்பெயினில் வறட்சியால் 2022-23 பருவத்தின் உற்பத்தி முந்தைய பருவத்தில் பாதிக்கும் கீழே இறங்கி, எண்ணெய் விலை எகிறியது. மாணவர் பணப்பைக்கு அது இன்னும் கனமான செலவுதான். நான் விடுதியில் வைத்திருப்பது ஒரு சிறிய போத்தல், ஒளி புகாத அலமாரிக்குள். பொரிப்பதற்கு அதைத் தொடுவதில்லை. வேகவைத்த கங்கோங் கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, டின் சார்டினோடும் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலையோடும் சாப்பிடுகிறேன். அதிகச் செலவில்லை, இருபது நிமிட வேலை. எண்ணெய் தீர்ந்துபோன வாரங்களில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையைத் தூவிக்கொள்கிறேன்.