எந்தக் குமிழ் என்ன செய்யும்? சமிக்ஞை இயற்றியை அறிவோம்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒலி, அலை பற்றிய பாடம் வரும்போது ஆசிரியர் மேசைமீது ஒரு பெட்டியை வைப்பார். முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள், ஒரு பெரிய டயல், கீழே நாலைந்து குமிழ்கள். அதுதான் சமிக்ஞை இயற்றி. சிக்னல் ஜெனரேட்டர் என்றும் சொல்வார்கள்.

அதன் வேலை, மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தைத் தருவது. எந்த வடிவில் மாற வேண்டும், எவ்வளவு வேகமாக மாற வேண்டும், எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். வடிவம், வேகம், அளவு ஆகிய மூன்றையும் நினைவில் வைத்தால் முகப்பில் பாதி புரிந்துவிடும்.

வடிவம்

சைன் அலை, சதுர அலை, முக்கோண அலை ஆகிய மூன்றின் படங்களும் பொத்தான்களில் இருக்கும். 440 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒலிபெருக்கியில் கேட்டால் மென்மையாக இருக்கும். சதுர அலைக்கு மாற்றுங்கள். சுருதி அதேதான், ஆனால் ஒலி கரகரக்கும். சதுர அலைக்குள் 440இன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண்களும் கலந்திருப்பதே காரணம். ஒலி பற்றிய சோதனைகளுக்குச் சைன் அலையையே தேர்ந்தெடுங்கள்.

அதிர்வெண்

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதிர்வெண்ணை ஒரு குமிழ் மட்டும் தீர்மானிப்பதில்லை. டயலில் உள்ள எண்ணை 'ரேஞ்ச்' பொத்தானின் எண்ணால் பெருக்க வேண்டும். டயல் 0.5இல் நின்று, 1,000 என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் விடை 500 ஹெர்ட்ஸ். பக்கத்தில் உள்ள 10,000 பொத்தானை அழுத்திவிட்டால் 5,000 ஹெர்ட்ஸ்.

இதனால் என்ன ஆகும்? ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வை வைத்து ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸில், ஒலி ஓங்கிக் கேட்கும் அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே சுமார் 34 செ.மீ. இருக்கும். இது அரை அலைநீளம். எனவே வேகம் 2 × 0.34 × 500, அதாவது விநாடிக்கு 340 மீட்டர். சரியான விடை.

பொத்தான் மாறியிருந்தால் அந்த இடைவெளி 3.4 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் 500 ஹெர்ட்ஸ் என்றே நம்பிக் கணக்குப் போட்டால் ஒலியின் வேகம் விநாடிக்கு 34 மீட்டர் என்று வரும். அது நெடுஞ்சாலையில் விரையும் காரின் வேகம்! அளவுகோலிலும் தவறில்லை, கணக்கிலும் தவறில்லை. ஒரு பொத்தான் முழுச் சோதனையையும் கெடுத்துவிட்டது.

வீச்சு

'ஆம்ப்ளிட்யூட்' குமிழ் அலையின் உயரத்தை மாற்றும். ஒலி கூடும், குறையும், சுருதி மாறாது. மிகச் சிறிய மின்னழுத்தம் தேவைப்படும்போது '−20 டிபி' பொத்தானை அழுத்துங்கள். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகும்.

ஆஃப்செட்

'டிசி ஆஃப்செட்' குமிழ் அலையை முழுவதுமாக மேலே அல்லது கீழே நகர்த்தும். +2க்கும் −2க்கும் இடையே ஆடும் அலைக்கு 3 வோல்ட் ஆஃப்செட் கொடுத்தால் அது 1க்கும் 5க்கும் இடையே ஆடும். ஒலிபெருக்கிக்கு இது ஆகாது. அதன் கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, கம்பிச்சுருள் வீணாகச் சூடேறும். பல கருவிகளில் இக்குமிழை வெளியே இழுத்தால்தான் ஆஃப்செட் வேலை செய்யும். முன்பு பயன்படுத்தியவர் இழுத்தபடியே விட்டிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

'50 ஓம்' என்று ஏன் எழுதியிருக்கிறது?

'அவுட்புட்' துளைக்குப் பின்னால் 50 ஓம் மின்தடை தொடராக இருப்பதை இது குறிக்கும். எதுவும் இணைக்காதபோது 10 வோல்ட் தரும் கருவியில் 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால், அதற்குக் கிடைப்பது 10 × 8 ÷ 58, அதாவது சுமார் 1.4 வோல்ட்தான். மற்றதைக் கருவியே எடுத்துக்கொள்கிறது. ஒலி மெலிதாக இருந்தால் கருவி பழுது என்று முடிவுகட்டாதீர்கள். இடையில் ஓர் ஆம்பிளிஃபயரை இணைத்தால் போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் இருவரும் 1939இல் கலிஃபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் தயாரிப்பு, ஒலி அதிர்வெண்களை உண்டாக்கும் '200ஏ' கருவி. வீச்சு நிலையாக இருக்க அதற்குள் ஒரு சின்ன மின்விளக்கு இருந்தது. வீச்சு கூடினால் விளக்கின் இழை சூடேறும், மின்தடை உயரும், வீச்சு மீண்டும் குறையும். 1940இல் வெளிவந்த 'ஃபேன்டேசியா' படத்தின் ஒலியமைப்புக்காக டிஸ்னி நிறுவனம் இதன் அடுத்த ரகத்தில் 8 கருவிகளை வாங்கியது. 1972இல் ஹியூலெட்-பேக்கார்ட் பினாங்கு, பாயான் லெப்பாஸில் கால் பதித்தது. அதன் அளவைக் கருவிப் பிரிவின் வழிவந்த கீசைட் நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது.

இயக்கும் வரிசை

1. விசையைப் போடுமுன் வீச்சுக் குமிழை முழுவதும் இடப்பக்கம் திருகுங்கள். ஆஃப்செட்டை நிறுத்துங்கள்.

2. வடிவம், 'ரேஞ்ச்', டயல் என்ற வரிசையில் அமையுங்கள்.

3. கேபிளை 'அவுட்புட்' துளையில் செருகுங்கள். பக்கத்திலுள்ள 'டிடிஎல்' துளை சதுர அலை மட்டுமே தரும். வீச்சுக் குமிழுக்கு அது கட்டுப்படாது. எந்தத் துளைக்கும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள்.

4. வீச்சை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது.

5. அலைகாட்டியில் சரிபாருங்கள். 500 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு 2 மில்லிவிநாடி ஆக வேண்டும். 0.2 என்று காட்டினால் உங்கள் விரல் எந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.