வழுவழுப்புக்குள் ஒரு குடியிருப்பு

சந்தை நாளில் வடுகபட்டிக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையே வேண்டாம், பூண்டு நெடியே ஊரைச் சொல்லிவிடும். ஒரு பல்லை நசுக்கிப் பாருங்கள். முழுப் பல்லில் அவ்வளவு வாடை கிடையாது. நசுங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருந்த அல்லினும் ஒரு நொதியும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. ஆய்வகத் தட்டில் கேண்டிடா என்ற பூஞ்சையை அது அடக்குவதும் உண்மைதான். அதற்காக ஐசியூ நோயாளிக்குப் பூண்டுச்சாறு கொண்டுபோக வேண்டாம். அங்கே உடம்புக்குள் செருகிய குழாயில் பூஞ்சை வீடு கட்டி உட்கார்ந்திருக்கும்.

கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவினால் ஒட்டுமே ஒரு பிசுக்கு, அதே சங்கதிதான். உயிரிப்படலம் என்பார்கள். தண்ணீரை மாற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் சாதுவாக இருப்பது. பெரிய ரத்தநாளத்தில் போட்ட 'சென்ட்ரல் லைன்' குழாயில் ஒட்ட இடம் கிடைத்துவிட்டால் குணம் மாறுகிறது. முதலில் உருண்டை உருண்டையாக ஒட்டும். சில மணி நேரத்தில் நூல் விடும். இரண்டொரு நாளில் எல்லாவற்றையும் மூடிப் பசை மெத்தை. அந்தப் பசையிலுள்ள குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, ஃபுளூக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. மருந்து செல்லுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே!

ஆகவே முடிந்தவரை சீக்கிரம் குழாயை எடுத்துவிடுவதுதான் முதல் வைத்தியம். கூடவே காஸ்போஃபங்கின் போன்ற ஊசி. பூஞ்சை குளூக்கானைத் தயாரிக்கும் இடத்திலேயே அது கை வைக்கிறது. இல்லையென்றால் கொழுப்பு உறையிட்ட ஆம்ஃபோடெரிசின். இந்த மருந்து பிறந்தது 1950களில் வெனிசுலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து. ரத்தப் பரிசோதனையில் பூஞ்சை மறைந்த பிறகும் 14 நாள் மருந்து தொடரும். கண்ணையும் பார்ப்பார்கள், பூஞ்சை அங்கேயும் போய் ஒளியக்கூடும்.

2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து அடையாளம் கண்ட கேண்டிடா ஆரிஸ் இன்னும் முரடு. பல மருந்துக்கு மசியாது, கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

சிறுநீர்க் குழாய் விவகாரம் வேறு. காஸ்போஃபங்கின் சிறுநீரில் அதிகம் இறங்காது. அங்கே பழைய ஃபுளூக்கோனசோலே தேவலை. ஆனால் ரிப்போர்ட்டில் 'கேண்டிடா' என்று பார்த்ததுமே மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத பலருக்குக் குழாயை எடுத்தாலே அது தானாக மறைந்துவிடும்.