டிக்கிக்குப் போகும் வயர்

பாஸ் ஓங்கி அடிக்கும் நேரத்தில் காரின் ஆம்ப்ளிஃபயர் சட்டென்று அணைகிறதா? பழியை அதன் தலையில் போடும் முன் வயரைப் பார்க்க வேண்டும்.

500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர், 80 சதவீதத் திறனில் 625 வாட் இழுக்கும். 12.5 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். வீட்டு 230 வோல்ட்டில் அதே வாட்டுக்கு 3 ஆம்பியர்கூட வேண்டாம். வோல்ட் குறைந்தால் கரண்ட் கூடும். கார் வயர் தடிப்பது அதனால்தான்.

கேஜ் கணக்கு தலைகீழ்: எண் குறையக் குறைய வயர் தடிக்கும். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 கேஜ் செம்பு வயரில் 50 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 4 கேஜில் இழப்பு 0.2 வோல்ட்தான். பாடியில் முறுக்கும் எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மலிவான வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியலாம். அது செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிட அதில் இழப்பு அதிகம் என்பதால், அதை வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, வயரை. கதவோரத் தகரத்தில் உரசி வயரின் தோல் கிழிந்தால், தீப்பிடிக்கும் முன் ஃபியூஸ் போய்விடும்.