நாவும் உதரவிதானமும்: உறக்கத்தில் மூச்சைக் காக்கும் நரம்புத் தூண்டிகள்

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால், நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அக்குறட்டை திடீரென அடங்கி, சில நொடிகள் ஓசையின்றிக் கழிந்து, பின்னர்ப் பெருந்திணறலுடன் மீண்டும் எழுமானால் அது நல்லுறக்கம் அன்று. மூச்சு பத்து நொடியேனும் நின்றுபோவதையும், அதன் அளவு பெரிதும் குறைந்துபோவதையும் மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். மணிக்கு 15 முறை நிகழ்ந்தால் நடுத்தர நோய். 30 முறை நிகழ்ந்தால் கடுமையான நோய். ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழிப்பதால், எட்டு மணிநேரம் படுத்தெழுந்தவரும் பகலில் கண்ணயர்கிறார். இரத்த அழுத்தமும் உயர்கிறது.

இதனைத் 'தூக்கத்தில் மூச்சு நிற்றல்' என்று ஒரே தொடரால் குறித்துவிடுகிறோம். உண்மையில் நோய் இரண்டு. ஒன்றில் மூளை ஆணையிடுகிறது, மார்பும் வயிறும் முயல்கின்றன, தொண்டைதான் வழிவிடுவதில்லை. மற்றொன்றில் தொண்டை திறந்தே இருக்கிறது. மூளையிலிருந்து ஆணை வருவதில்லை. முன்னதை மூச்சுத்தடை என்றும் பின்னதை மூச்சோய்வு என்றும் நாம் இங்கு வேறுபடுத்துவோம். இது சொல்லாராய்ச்சிக்காக மட்டும் அன்று. எந்த நரம்பைத் தூண்டவேண்டும் என்பதே இவ்வேறுபாட்டைப் பொறுத்தது.

மூச்சுத்தடையை முதலில் காண்போம். விழித்திருக்கும்போது நாவின் தசைகள் ஓரளவு இறுக்கத்துடன் இருந்து, நாவின் அடிப்பகுதி பின்னால் சரியாமல் காக்கின்றன. உறக்கத்தில் அவ்விறுக்கம் தளர்கிறது. பேச்சுக்கு முதற்கருவி என நாம் போற்றும் நாவே அப்போது மூச்சுக்கு அடைப்பாகிறது. 1981ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே இடையறாத காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. ஆயினும் முகமூடி அணிந்து இரவைக் கழிக்க எல்லாராலும் இயல்வதில்லை.

அத்தகையோருள் ஒரு சாராருக்காகவே நாவடி நரம்புத் தூண்டி உருவானது. 'இன்ஸ்பையர்' என்னும் கருவிக்கு அமெரிக்க அரசு 2014இல் ஒப்புதல் அளித்தது. காறையெலும்பின் கீழே தோலுக்கடியில் மின்கலத்துடன் கூடிய சிறு பெட்டியைப் பதிக்கின்றனர். மூச்சு உள்ளிழுக்கப்படும் கணத்தை ஓர் உணரி அறிவிக்க, பெட்டி தாடைக்கடியில் உள்ள நரம்புக்கு மெல்லிய மின்துடிப்பை அனுப்புகிறது. நா முன்னே நகர்ந்து வழி திறக்கிறது. உறங்கச் செல்லும்போது நோயாளியே கைக்கருவியால் அதனை இயக்குகிறார்.

அறுவை மருத்துவரின் நுட்பம் இங்கேதான் தேவைப்படுகிறது. பன்னிரண்டாம் மூளை நரம்பாகிய நாவடி நரம்பின் கிளைகளுள் சில நாவை முன்தள்ளும்; சில பின்னிழுக்கும். பின்னிழுக்கும் கிளையும் சேர்ந்து தூண்டப்பட்டால் பயன் கெடும். ஆகவே ஒவ்வோர் இழையாகச் சோதித்து, முன்தள்ளும் கிளைகளை மட்டும் மின்முனைப் பட்டைக்குள் சேர்க்கின்றனர்.

ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் 126 பேர் பங்கேற்றனர். மணிக்கு 29.3 என்றிருந்த இடைநிலை எண்ணிக்கை ஓராண்டில் 9.0 ஆகக் குறைந்தது. நம் கவனத்தை ஈர்ப்பது அதன் அடுத்த கட்டம். நற்பயன் கண்டவர்களுள் 23 பேருக்கு ஒரு வாரம் கருவியை நிறுத்திவைத்தனர். 7.6 ஆக இருந்த அவர்களின் சராசரி 25.8க்கு ஏறியது. கருவியால் பயன் விளைந்தது என்பதற்கு இது சான்று. நோய் அகன்றுவிடவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

மூச்சோய்வுக்கு இக்கருவி உதவாது. தொண்டையே திறந்திருக்கும்போது நாவை அசைத்து என்ன பயன்? இதயச் செயலிழப்பு உடையோரிடம் மூச்சு படிப்படியாகப் பெருகி, பின் தேய்ந்து, நின்று, மீண்டும் தொடங்கும் ஒரு வகை உண்டு. செயின், ஸ்டோக்ஸ் என்னும் டப்ளின் மருத்துவர் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதனை விவரித்துள்ளனர். இத்தகையோருக்குத் தூண்டவேண்டியது, மூச்சின் முதன்மைத் தசையாகிய உதரவிதானத்தை இயக்கும் நரம்பு. 2017இல் ஒப்புதல் பெற்ற 'ரெமடே' கருவி, அந்நரம்பை ஒட்டிச் செல்லும் சிரையினுள் மின்கம்பியைச் செலுத்தி, இரவில் தானாகவே இயங்குகிறது. இந்நரம்பைத் தூண்டும் எண்ணம் புதிதன்று. யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளென் 1960களிலேயே அம்முயற்சியில் இறங்கியிருந்தார்.

மூச்சுத்தடை உள்ள அனைவருக்கும் நாவடித் தூண்டி பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. மருந்தால் உறங்கச் செய்து, நுண்குழாய்வழித் தொண்டையைப் பார்க்கும்போது, மெல்லண்ணத்தின் மட்டத்தில் நாற்புறச் சுவரும் ஒருசேரச் சுருங்கி மூடினால், வழக்கமாக இக்கருவியைப் பரிந்துரைப்பதில்லை. சிறுவர் நிலை வேறு. இரவில் குறட்டையும் பகலில் கவனக்குறைவும் உடைய மாணவனிடம் பெரும்பாலும் காணப்படும் காரணம், உள்நாக்கை அடுத்த சதைக்கோளங்களும் மூக்கடிச் சதையும் வீங்கியிருப்பதே. அவனைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்ல, வகுப்பாசிரியருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.