கல்வாழையின் இதழ் இதழல்ல

நாள் முழுக்க வெயில் காயும் வாசலுக்கு, ஆள் உயரம் வளர்ந்து ஆண்டுக்கணக்கில் பூக்கும் செடி ஒன்று சொல்லுங்கள் என்று வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நர்சரிக்கு அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே யார் வீட்டிலாவது கல்வாழை இருக்கும். ஒரு கிழங்குத் துண்டு கேளுங்கள், மறுக்கமாட்டார்கள்.

வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு அதன் பூ மீதுதான் மோகம். சிவப்பும் மஞ்சளுமாக அகல விரிந்திருக்கிறதே, அது இதழே அல்ல. உண்மையான அல்லி இதழ்கள் மூன்றும் ஒடுங்கிக் கூராகி அடியில் கிடக்கின்றன. நாம் இதழ் என்று ரசிப்பவை மகரந்தத் தாள்கள். மகரந்தம் தரும் வேலையை விட்டுவிட்டு அகன்று நிறமேறி நிற்கின்றன. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெரியப்பா ஒரு துரும்பை நகர்த்தமாட்டார். பட்டு வேட்டியோடு வாசலில் நின்று ஆட்களை அழைப்பதே அவர் பணி. அந்த ரகம்தான் இவையும்.

உழைப்பது ஒரே ஒரு தாள். அதிலும் ஒரு பாதி அலங்காரத்துக்குப் போய்விட, மறுபாதியின் ஓரத்தில் மட்டும் மகரந்தப் பை. அதனால் இந்தப் பூவை எப்படி வகுந்தாலும் ஒத்த இரு பாதிகள் கிடைக்காது. இன்னொரு விசித்திரம்: மொட்டு விரியுமுன்பே அந்தப் பை வெடித்து, பக்கத்திலிருக்கும் தட்டையான சூல்தண்டின்மேல் மகரந்தத்தை அப்பிவிடுகிறது. தேனுக்கு வரும் பூச்சி அங்கிருந்துதான் அள்ளிப்போகிறது. பெண் உறுப்பே ஆண் உறுப்பின் விநியோகத்தையும் பார்த்துக்கொள்கிறது.

இதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். ஆண்டிஸ் மலைமக்கள் கிழங்கைச் சமைத்து உண்கிறார்கள். வியட்நாமில் அதன் மாவில் கண்ணாடி நூடுல்ஸ் செய்கிறார்கள். அர்ஜென்டினாவில் ஒரு கல்லறையில் கிடைத்த சுமார் 600 ஆண்டுப் பழைய விதை முளைத்தே விட்டது. நாமோ 'சாக்கடைச் செடி' என்கிறோம். சாக்கடை நீரிலும் தழைப்பதால்தான் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் படுகைகளில் இதை நடுகிறார்கள் என்பது யார் காதிலும் ஏறுவதில்லை. பூங்காக்களில் நடுவதோடு சரி. பூத்து ஓய்ந்த தண்டுகள் மாதக்கணக்கில் காய்ந்து நிற்கும். அவற்றை அடியோடு வெட்டினால் புதுக் குருத்துக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். அதற்கு ஓர் அரிவாளும் ஐந்து நிமிடமும் போதாதா?

விதை போடுபவர்கள் கறுத்த மேலோட்டை உப்புத்தாளில் தேய்த்து, இரவு ஊறவைத்து நடுங்கள். கிழங்கு வாங்குபவர்கள் தாய்ச்செடியின் இலையைப் பாருங்கள். பச்சையில் மஞ்சள் திட்டுகளும் கீற்றுகளும் ஓடியிருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். அதற்கு மருந்தில்லை, கிழங்கோடு உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.