ஒரு கேள்வி, ஒரு குழு, ஒரு மின்சுற்று

பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பாடம் கால அட்டவணைப்படி நடக்கும். ஆராய்ச்சியோ குழு குழுவாக நடக்கும். ஒரு பேராசிரியர், அவரிடம் பிஎச்.டி. பதிவு செய்த சிலர், அவர்களைக் கட்டிவைக்கும் ஒரு கேள்வி, அதற்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை போன்றவை தரும் திட்ட நிதி: இதுதான் ஒரு குழு.

1982இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதைப் பார்க்கலாம். பொருளைப் பல்லாயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கி அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அங்கு ஒரு குழுவின் வேலை. இன்னொன்று, எம். லட்சுமணன் 1992இல் நிறுவிய நேரிலா இயக்கவியல் மையம். சற்றே கூட்டினால் சற்றே கூடும் என்ற கணக்குக்கு அடங்காத இயக்கங்களே அதன் கேள்வி.

அந்தக் கேள்வி காகிதத்திலும் கணினியிலும் மட்டும் நிற்கவில்லை, ஒரு மின்சுற்றாக மேசைக்கும் வந்தது. மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி, சைன் அலை தரும் மூலம்: எந்த பி.எஸ்சி. ஆய்வகத்திலும் இருப்பவை. கடையில் கிடைக்காதது ‘சுவா டையோடு’ என்ற நேரிலா உறுப்பு மட்டுமே. இரண்டு ஆப்-ஆம்ப்பையும் ஆறு மின்தடைகளையும் வைத்து அதையும் செய்துகொள்ளலாம். அலையின் வீச்சை மெல்லத் திருகினால் ஆஸிலாஸ்கோப் திரையில் ஒற்றை வளையம் இரண்டாகும், பிறகு நான்காகும். இன்னும் திருகினால் கோடு வந்த தடத்துக்குத் திரும்பாமல் சுற்றிச் சுற்றித் திரையை நிரப்பும். அதுதான் கேயாஸ். கே. முரளி, லட்சுமணன், பெர்க்லியின் லியான் சுவா மூவரும் 1994இல் வெளியிட்ட இந்தச் சுற்றுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. கோடி ரூபாய்க் கருவி இல்லாமலும் உலக அளவில் பெயர் வாங்கலாம், கேள்வி சரியாக அமைந்தால்.

ஆராய்ச்சி பல்கலைக்கழக வளாகத்தோடு முடிவதில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தூய வளனார் கல்லூரியிலும் பிஎச்.டி. செய்யலாம், வழிகாட்டி கல்லூரி ஆசிரியர், பட்டம் பல்கலைக்கழகத்துடையது. இடையிடையே ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் முன் கணக்குக் காட்ட வேண்டும். முடிந்ததும் பைண்டு செய்த ஆய்வேட்டோடு பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலைப்பேரூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். வெளித் தேர்வாளர்கள் படித்து ஒப்புக்கொண்ட பிறகு நடக்கும் வாய்மொழித் தேர்வு பொதுவானது. பார்வையாளர் வரிசையில் இருப்பவரும் எழுந்து கேள்வி கேட்கலாம்.