நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. இன்று அது பெண்களுக்கும் லட்சணமாகி விட்டது, மகிழ்ச்சிதான். நம் சங்கக் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். பிறகு ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அந்த வேலையில் திறமையை யார், எதை வைத்து அளப்பார்கள், எந்த விதிப்படி ஒருநாள் வெளியே அனுப்புவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலை ஒன்றின் பெர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பது வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் மேஜைக்கு வந்த வழக்குகளில் பெரும்பாலானவை சம்பளத்தைப் பற்றியவை அல்ல. வெளியேறும் வாசலைப் பற்றியவை.

நான் சித்தூர்க்காரன். 1960ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு, அரசாங்க உத்தியோகம் என்பது அசையாச் சொத்து மாதிரி. அந்த நம்பிக்கையை 1983 அசைத்துப் பார்த்தது.

ஒரே மாதத்தில் ஓய்வு

அந்த வருடம் ஜனவரியில் என்.டி. ராமராவ் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரியில் ஓய்வு வயது 58லிருந்து 55 ஆகக் குறைக்கப்பட்டது. இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். பிப்ரவரி 28 அன்று மாலை, மாநிலம் முழுவதும் 18,000 பேருக்கு மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரேயடியாக ஓய்வு பெற்றார்கள். பொதுத்துறை நிறுவனங்களில் இன்னும் பத்தாயிரம் பேர். பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் இன்னும் மூன்று வருடச் சம்பளம் உண்டு என்று கணக்குப் போட்டிருந்தவர்கள் அவர்கள்.

1984 ஆகஸ்டில் வயது மறுபடி 58 ஆக்கப்பட்டது. ஆனால் இடையில் போனவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வயதைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1985ல் ஒரு தீர்ப்பு வந்தது. அதே வருடம் வந்த இன்னொரு தீர்ப்பு, இடையில் போனவர்களை மட்டும் விலக்கி வைத்தது சரியல்ல என்றது. 58க்கு இன்னும் காலம் இருந்தவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், அதற்குள் 58 கடந்துவிட்டவர்களுக்கு நஷ்டஈடு தரவும் உத்தரவாயிற்று. அரசு விதியை மாற்றலாம். ஆனால் ஒரே மாதிரியான ஊழியர்களை இரண்டு மாதிரி நடத்தக் கூடாது. அன்று நாங்கள் எல்லோரும் படித்த பாடம் இது.

மலை மேல் ஒரு கேள்வி

இதைவிடச் சிக்கலான கேள்வி திருமலையில் எழுந்தது. பெருமாளுக்குப் பூஜை செய்யும் வைகானஸ அர்ச்சகர்கள் நான்கு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை அது, மிராசு என்பார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு இருக்கவில்லை. காணிக்கையிலும் பிரசாதத்திலும் பங்கு உண்டு. அப்பாவிடம் ஆகமம் கற்றுப் பிள்ளை பூஜைக்கு வருவார். நியமன உத்தரவு இல்லை, ஓய்வு வயதும் இல்லை.

1987ல் ஆந்திர அரசு கொண்டுவந்த அறநிலையச் சட்டம் இந்தப் பரம்பரை உரிமையையும் பங்கையும் ஒழித்தது. தமிழ்நாட்டில் 1970லேயே இப்படி ஒரு சட்டம் வந்து, 1972ல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருந்தது. அர்ச்சகரை நியமிப்பது நிர்வாகக் காரியம். அவர் செய்யும் பூஜை ஆகமப்படி இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆந்திரச் சட்டத்தையும் அதே வழியில் 1996 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிறப்பால் வந்த உரிமை சம்பள உத்தியோகம் ஆயிற்று. ஆகமம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தகுதி மட்டும் அப்படியே நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் சரி. 2007ல் சட்டம் திருத்தப்பட்டு, அர்ச்சகக் குடும்பங்களின் உரிமைக்கு மறுபடி இடம் தரப்பட்டது. ஆக, மாதச் சம்பளத்தைப் பார்த்தால் ஊழியர். சட்டத் திருத்தத்தைப் பார்த்தால் பரம்பரை உரிமைக்காரர். அப்படிப்பட்டவர் எந்த வயதில் ஓய்வு பெற வேண்டும்?

2018 மே 16 அன்று தேவஸ்தானம் 65 வயது கடந்த அர்ச்சகர்களுக்கு ஓய்வு என்று முடிவு செய்தது. முதல் நாள்தான் தலைமை அர்ச்சகர் சென்னையில் நிருபர்களைச் சந்தித்து நிர்வாகத்தைக் குறை கூறியிருந்தார். அதனால், இது பொது விதியா, ஒருவருக்காக வந்த விதியா என்று ஊரே பேசிற்று. அந்த வருட இறுதியில், திருச்சானூர் அர்ச்சகர்களின் வழக்கில் உயர் நீதிமன்றம் பரம்பரை அர்ச்சகர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்ற அர்ச்சகர்களைத் திரும்ப அழைத்து தேவஸ்தானம் உத்தரவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. என் தொழில் பார்வையில் ஒன்று மட்டும் தெரிகிறது. ஓய்வு வயது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் சண்டை நடக்கும் நேரத்தில் வந்த விதியை, அதற்கு உட்படுகிறவன் தண்டனையாகத்தான் பார்ப்பான்.

ரகசியமாக ஒரு மார்க்

இரண்டு வாசலுக்கும் நடுவில் இருப்பது மதிப்பீடு. எங்கள் காலத்தில் அதற்குப் பெயரே ரகசிய அறிக்கை. மேலதிகாரி எழுதுவார், எழுதப்பட்டவருக்குத் தெரியாது. தேவதத் என்ற மத்திய அரசுப் பொறியாளருக்கு ஒரு வருட அறிக்கையில் "நன்று" என்று போட்டிருந்தார்கள். நல்ல வார்த்தைதானே? ஆனால் பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவை. அந்த ஒரு சொல்லால் உயர்வு போயிற்று. அப்படி எழுதியதே அவருக்குச் சொல்லப்படவில்லை. 2008ல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. தெரிந்தால்தானே திருத்திக்கொள்ளவோ மறுத்துப் பேசவோ முடியும்?

வீட்டில் செய்ய வேண்டியது

இது அரசு ஊழியர்களுக்கும் அர்ச்சகர்களுக்கும் மட்டும் உரிய கதை அல்ல. நம் பிள்ளைகள் போகும் தனியார் கம்பெனியில் கோர்ட்டுக்குப் போக நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. எனவே நியமனக் கடிதம் வந்த அன்றே வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? அது முடிந்ததும் நிரந்தரம் என்று எழுதித் தருவார்களா, அல்லது சும்மா நீளுமா? வேலையை எதை வைத்து அளப்பார்கள், குறை இருந்தால் எழுத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளக் காலம் தருவார்களா? விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு? அது இரு தரப்புக்கும் ஒன்றுதானா?

2025 நவம்பர் 21 முதல் இந்தியாவில் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. நியமனக் கடிதம் தருவது இப்போது கட்டாயம். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். பணிக்கொடை வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அதற்கு ஐந்து வருடச் சேவை தேவை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் போதும்.

மதிப்பீட்டுக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், பாராட்டுக் கடிதம் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். வேலை போன அன்று ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்காது. வீட்டு பீரோ திறக்கும்.